நிலாவரையில் போட்ட தேசிக்காய்

கிட்ட வாருங்கள் பிள்ளைகளே, இன்னும் கொஞ்சம் கிட்ட. அந்த ஜன்னலை யாராவது சாத்திவிடுங்கள், தூவானம் அடிக்கிறது. இதே மாதிரி ஒரு மழைநாளில் நடந்த கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். ஒரு வான் வண்டியும், எலுமிச்சை என்கிறார்களே அந்தத் தேசிக்காய் ஒன்றும், ஒரு பொய்யும் இந்தக் கதையில் வரும். பொய் சொன்னது யார் என்று இப்போதே கேட்கக்கூடாது. வழியில் தெரியவரும்.

கொக்குவிலில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் குகதாசன் என்று ஒரு வான்காரர். ஊர் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய் இடங்களைக் காட்டுவது அவருடைய தொழில். அவருடைய மகள் ஆரணிக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் அவளும் முன் இருக்கையில் ஏறிவிடுவாள். வீட்டில் அவளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அம்மா இறந்து இரண்டு வருடமாகிவிட்டது.

தலை பின்னிவிடுவதும் அப்பாதான். வானின் கூரையில் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டிப் பழகிய கை அது. பின்னிய பின்னல் அவிழவே அவிழாது. ஆனால் ஒரு பின்னல் காதுக்கு மேலே நிற்கும், மற்றது கழுத்தடியில் தொங்கும்.

"நேராய்த்தானே இருக்கு?" என்று அப்பா ஒவ்வொரு காலையும் கேட்பார்.

"ஓம் அப்பா, நேராய்த்தான் இருக்கு," என்பாள் ஆரணி.

அன்று மார்கழி மாதத்து விடியற்காலை. வானம் கரிச்சட்டி மாதிரி இருண்டு கிடந்தது. வான் வண்டியில் ஏறியவர்கள் இரண்டே பேர். கனடாவிலிருந்து வந்த மயூரதனும், அவருடைய மகன் கீர்த்திகனும். கீர்த்திகனுக்கு ஒன்பது வயது.

மயூரதனின் மடியில் வெள்ளைத் துணி சுற்றிய சின்ன மண்முட்டி ஒன்று இருந்தது. அதற்குள் கீர்த்திகனின் அம்மாவுடைய சாம்பல்.

சுபாஜினி என்று அவருக்குப் பெயர். இந்த ஊரில் பிறந்து பத்து வயதில் போனவர். மகனுக்குக் காட்டவேண்டிய இடங்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தாராம். நிலாவரைக் கிணறு, சந்நிதி கோயில், வல்வெட்டித்துறை, மயிலிட்டி, கீரிமலை. கூட்டிக்கொண்டு வருவதற்குள் நோய் வந்துவிட்டது.

"கொப்பியிலை இருக்கிற எல்லா இடத்துக்கும் போவம் அண்ணை," என்று மயூரதன் குகதாசனிடம் சொன்னார். "பதினொரு மணிக்குக் கீரிமலையிலை ஐயர் வந்து நிப்பார். சாம்பலைக் கடலிலை கரைக்கவேணும். மகன்தான் தன்ரை கையாலை விடவேணும்."

"அதுக்கென்ன தம்பி, போவம். ஆனால் துடக்கு இன்னும் கழியேல்லைத்தானே?"

"இல்லை அண்ணை. முப்பத்தொரு நாள் முடிய இன்னும் ஒரு கிழமை கிடக்கு."

"அப்ப கோயில் வாசலுக்கு வெளியாலை நிண்டுதான் பாக்கலாம்," என்றார் குகதாசன். இறப்பு நடந்த வீட்டுக்காரர் அத்தனை நாளும் கோயிலுக்குள் போவதில்லை அல்லவா?

வான் புறப்பட்டது. மழைத் துடைப்பான் கிறீச் கிறீச் என்று அழுதுகொண்டே வந்தது. கீர்த்திகன் எதுவும் கதைக்கவில்லை. அவன் அழவும் இல்லை. அம்மா இறந்த நாளிலிருந்து ஒரு சொட்டும் அழவில்லை என்று அவனுடைய அப்பா மெல்லிய குரலில் சொன்னார்.

வளைவுகளில் வான் குலுங்க, வாந்தி வரும்போல் பையனின் முகம் வெளிறியது. குகதாசன் முன்னால் இருந்த ஒரு தேசிக்காயை எடுத்துப் பின்னால் நீட்டினார். "இந்தா தம்பி, இதை மணந்துகொண்டிரு. சத்தி வராது."

கீர்த்திகன் அதை வாங்கி மூக்கடியில் வைத்துக்கொண்டான். ஆரணிக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தனக்குத் தெரிந்த மிக நல்ல கதையைச் சொன்னால் கொஞ்சம் தெளிவான் என்று நினைத்தாள். இருக்கையில் முழங்காலிட்டுப் பின்பக்கம் திரும்பினாள்.

"உந்தத் தேசிக்காயிலை ஒரு விசயம் இருக்கு, தெரியுமே? நிலாவரைக் கிணத்துக்கு அடியே இல்லையாம். அதுக்குள்ளை ஒரு தேசிக்காயைப் போட்டால், நிலத்துக்குக் கீழாலை போய்க் கீரிமலைக் கேணியிலை வந்து மிதக்கும்."

கீர்த்திகன் தலையை நிமிர்த்தினான். "உண்மையாவோ?"

அன்று அவன் சொன்ன முதல் சொல் அது.

"உண்மையாத்தான். நானே போட்டுப் பாத்தனான்."

"வந்ததோ?"

"வந்தது," என்றாள் ஆரணி.

வானில் ஏறும் எல்லோருக்கும் அவள் அப்படித்தான் சொல்லுவாள். குகதாசன் கண்ணாடியில் மகளை ஒரு தடவை பார்த்தார். பிள்ளையின் கதைதானே என்று விட்டுவிட்டார்.

நிலாவரையில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. பெரியவர்கள் முன்னால் இறங்கிப் போனார்கள். கீர்த்திகன் வானுக்குள்ளேயே இருந்தான்.

"ஆரணி அக்கா, அம்மா எண்டு தமிழிலை எப்பிடி எழுதுறது?"

ஆவி படிந்த ஜன்னல் கண்ணாடியில் ஆரணி விரலால் எழுதிக் காட்டினாள். அவன் பையிலிருந்து பேனை எடுத்து, தேசிக்காயில் பார்த்துப் பார்த்து எழுதினான். நடுவில் இருந்த எழுத்து சுருங்கிவிட்டது. கடைசி எழுத்து யானைக்கால் மாதிரி வீங்கிவிட்டது. பிறகு தேசிக்காயை வாயருகே கொண்டுபோய் என்னவோ முணுமுணுத்தான்.

அவன் என்ன செய்யப்போகிறான் என்று ஆரணிக்கு அப்போது விளங்கவில்லை. விளங்கிய நேரம் பிந்திவிட்டது.

கிணற்றுக்குள் எதுவும் எறியக்கூடாது என்று பலகையில் எழுதியிருந்தது. பெரியவர்கள் இருவரும் அதைத்தான் வாசித்துக்கொண்டு நின்றார்கள். கீர்த்திகன் இறங்கி ஓடிப்போய்க் கம்பி வேலிக்கு மேலாகக் கையை நீட்டினான். பொளக்! பச்சைத் தண்ணீரில் ஒரு வளையம் விரிந்தது.

"இப்ப கீழாலை போகத் தொடங்கியிருக்கும், என்ன அக்கா?"

ஆரணி விரிகிற வளையத்தையே பார்த்தாள். "ம்," என்றாள்.

சந்நிதியில் வாசலுக்கு வெளியே மழையில் நின்று கும்பிட்டார்கள். மணிச்சத்தம் மட்டும் வெளியே வந்து அவர்களைப் பார்த்துவிட்டுப் போனது. வல்வெட்டித்துறையில் கடல் சாம்பல் நிறமாகக் கிடந்தது. வள்ளங்களைக் கரையில் இழுத்துக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். இந்த ஊர்க்காரர் முந்திப் பாய்க்கப்பலில் தூர தேசமெல்லாம் போனவர்கள் என்று குகதாசன் விளக்கிச் சொன்னார். மயூரதன் முட்டியைக் கடல் பக்கம் திருப்பிப் பிடித்தபடி நின்றார். கீர்த்திகன் ஆரணியின் சட்டையை இழுத்தான்.

"இப்ப எவ்வளவு தூரம் போயிருக்கும்?"

"எது?"

"என்ரை தேசிக்காய். எங்களுக்கு முதல் அது போயிடுமோ?"

"போனாலும் போகும்," என்றாள் ஆரணி. "அதுக்குச் சந்திக்குச் சந்தி நிண்டு நிண்டு போகத் தேவையில்லைத்தானே."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தாள். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக் கொடுக்கிறதே!

மயிலிட்டிக்கு வந்தபோது கீர்த்திகன் வானை நிறுத்தச் சொல்லி, இறங்கி ஓடிச் சத்தி எடுத்தான்.

"தேசிக்காய் எங்கை தம்பி?" என்று கேட்டார் குகதாசன்.

"விழுந்திட்டுது," என்றான் கீர்த்திகன். அவன் ஆரணியைப் பார்க்க, அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"ஓடிப்போய் அற்புதராணி அக்கா கடையிலை ஒண்டு வாங்கியா, பிள்ளை."

துறைமுகத்துக்கு முன்னால் தகரக் கூரை போட்ட சின்னக் கடை அது. அற்புதராணி எட்டிப் பார்த்தார். "ஆர், வான்காரற்றை மகளோ? என்ன பிள்ளை, ஒரு பின்னல் வானத்தைப் பாக்குது, மற்றது நிலத்தைப் பாக்குது?"

"அது அப்பிடித்தான்," என்று ஆரணி சிணுங்கினாள். "ஒரு தேசிக்காய் தாங்கோ. வானிலை வந்த தம்பிக்குச் சத்தி."

"ஐயோ, பாவம். இந்தா, ரெண்டாய்க் கொண்டு போ."

திரும்பி வந்தபோது, கூரையில்லாத ஒரு பழைய வீட்டின் குந்துத் திண்ணையில் கீர்த்திகன் தனியாக இருந்தான். ஆரணி ஒரு தேசிக்காயை அவனிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள்.

"அக்கா, ஒண்டு சொல்லட்டே? தேசிக்காய் கீரிமலைக்கு வந்தால், நான் சொன்னதை அம்மா கேட்டிட்டா எண்டு அர்த்தம்."

"வராட்டி?"

கீர்த்திகன் தேசிக்காயை உள்ளங்கையில் உருட்டினான். "வராட்டி அம்மாவைக் கடலிலை விடமாட்டன். அப்பா அடிச்சாலும் விடமாட்டன். திரும்பக் கனடாவுக்கே கொண்டுபோவன்."

ஆரணியின் சட்டைப் பையில் மற்றத் தேசிக்காய் கல் மாதிரிக் கனத்தது. வானில் ஏறும்போது, இருக்கையில் கிடந்த கீர்த்திகனின் பேனையை அவள் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஏன் எடுத்தாள்? அவளைக் கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பாள்.

கீரிமலைக்கு வந்தபோது பதினொரு மணியாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. கடல் மதிலில் மோதிக்கொண்டிருந்தது. மதிலுக்கு இந்தப் பக்கம் நன்னீர்க் கேணி. ஐயர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கீர்த்திகன் கேணிப் படிகளில் இறங்கி ஓடினான். நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். இரண்டு பழுத்த இலைகளும், குளிக்க வந்த யாரோ போட்ட சவர்க்காரக் கடதாசியும் மிதந்தன. மழைத்துளிகள் தண்ணீரில் ஆயிரம் குழி போட்டன. தேசிக்காய் இல்லை.

"கீர்த்தி, வா ராசா, நேரம் போகுது," என்று மயூரதன் கூப்பிட்டார்.

"வரமாட்டன்!"

"ஏன் அப்பு?"

"வரமாட்டன் எண்டால் வரமாட்டன்!"

பையன் ஆரணியிடம் ஓடி வந்தான். அடுத்த மதிலைக் கை நீட்டிக் காட்டினான். "இது ஆம்பிளையளின்ரை கேணியாம். அங்காலை மதிலுக்குள்ளை பொம்பிளையளுக்கு வேறை கேணி இருக்காம். அம்மாவுக்குப் போட்டது அங்கைதான் வந்திருக்கும். என்னை விடமாட்டினம். நீங்கள் போய்ப் பாருங்கோ அக்கா."

ஆரணி மதில் வாசலுக்குள் போனாள்.

பெண்கள் கேணியில் ஒரே ஒரு பெண் ஈரத்துணி பிழிந்துகொண்டிருந்தார். "என்ன பிள்ளை தேடுறாய்?"

"தேசிக்காய்."

"கறிக்கோ?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இப்போது ஆரணி மட்டும்தான். அவள் கடைசிப் படியில் குந்தினாள். பையிலிருந்து தேசிக்காயை எடுத்தாள், பேனையையும் எடுத்தாள். முதலில் ஒழுங்கான எழுத்து. பிறகு சுருங்கிய எழுத்து. பிறகு யானைக்கால். கீர்த்திகன் எழுதியது மாதிரியே இருந்தது. தண்ணீரில் ஒருமுறை தோய்த்து எடுத்தாள். மை கொஞ்சம் கரைந்தது. நிலத்துக்குக் கீழாகப் பத்து மைல் வந்த தேசிக்காய்தான் என்று யாரும் சத்தியம் செய்வார்கள்.

கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். அவன் சிரிப்பான். கடலுக்குப் போவான். எல்லாம் முடிந்துவிடும்.

அம்மா என்ற எழுத்தை அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், இதே படியில், அவள் இப்படித்தான் குந்தியிருந்தாள். இருட்டிக்கொண்டு வரும்வரை தண்ணீரைப் பார்த்தாள். அன்றைக்கு யாரும் அவளிடம் ஒரு தேசிக்காயைக் கொண்டுவந்து தரவில்லை. தந்திருந்தால்? அடுத்த நாளும் ஒன்றைப் போட்டிருப்பாள். அதற்கடுத்த நாளும் போட்டிருப்பாள். இன்றுவரைக்கும் இந்தப் படியைவிட்டு எழும்பியிருக்க மாட்டாள்.

ஆரணி எழும்பினாள்.

வாசலில் கீர்த்திகன் நின்றான். அவளுடைய கையில் இருந்ததைக் கண்டதும் துள்ளினான். "வந்திட்டுது! வந்திட்டுது!"

"வரேல்லை," என்றாள் ஆரணி. "இது உன்ரை இல்லை. இது கடையிலை வாங்கினது. எழுதினது நான்."

"ஏன்?"

"உன்னை ஏமாத்தத்தான் எழுதினனான். பிறகு மனம் வரேல்லை. கீர்த்தி, நான் சொன்னது பொய். நானும் போட்டனான், அது உண்மை. என்ரை அம்மாவுக்குத்தான் போட்டனான். என்ரையும் வரேல்லை."

"பொய்க்காரி!" என்று கத்தினான் கீர்த்திகன். "நீங்கள் பொய்க்காரி!"

"ஓம்," என்றாள் ஆரணி. அவள் ஓடவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. மழையில் நனைந்துகொண்டு அப்படியே நின்றாள்.

கீர்த்திகனுடைய முகம் கோணியது. இருபத்துநாலு நாளாக எங்கேயோ அடைபட்டுக் கிடந்த அழுகை ஒரேயடியாக வெளியே வந்தது. ஆரணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பொய்க்காரி பொய்க்காரி என்று சொல்லிச் சொல்லியே அழுதான்.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் ஆரணி கேட்டாள், "தேசிக்காய்க்கு என்ன சொன்னனீ?"

"அம்மா ஆஸ்பத்திரியிலை இருந்து போனிலை கோல் எடுத்தவா. நான் கேம் விளையாடிக்கொண்டிருந்தனான். பிறகு கதைக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டன். அண்டைக்கு ராவு அம்மா..." அவன் மூக்கை உறிஞ்சினான். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா எண்டுதான் சொன்னனான்."

"இதை உன்ரை அப்பாவுக்குச் சொன்னனியே?"

"இல்லை. சொன்னால் அவருக்கும் என்னிலை கோபம் வரும்."

ஆரணி யோசித்தாள். "அந்த நேரம் உங்கடை அம்மாவுக்குப் பக்கத்திலை ஆர் இருந்தது?"

"அப்பா."

"அப்ப உந்தத் தேசிக்காயை விட அவருக்குத்தானே கூடத் தெரியும்? போய்க் கேள்."

கீர்த்திகன் தயங்கித் தயங்கி நடந்தான். மயூரதன் முட்டியோடு மழையில் நின்றுகொண்டிருந்தார். பையன் நிலத்தைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். ஆரணி தள்ளி நின்று பார்த்தாள்.

மயூரதன் அப்படியே ஈரத்தில் முழங்காலிட்டார்.

"இதுக்காகவோ ராசா இவ்வளவு நாளும்? கோல் வைச்சவுடனை அம்மா என்ன சொன்னவா தெரியுமே? 'பாருங்கோவன், என்னை விட அவருக்குக் கேம்தான் பெரிசு. வெண்டவரோ எண்டு நாளைக்குக் கேக்கவேணும்' எண்டு சொல்லிச் சிரிச்சவா. அவ கடைசியாச் சிரிச்சது அதுக்குத்தான். நான்தான் உன்னட்டைச் சொல்ல மறந்துபோனன்."

கீர்த்திகன் கண்ணைத் துடைத்தான்.

"வெண்டனியோ?" என்று கேட்டார் அப்பா. அம்மாவுக்காகக் கேட்டார்.

"இல்லை," என்றான் கீர்த்திகன். "தோத்திட்டன்."

இரண்டு பேரும் சிரித்தார்களா, அழுதார்களா என்று மழைக்குள் தெரியவில்லை.

ஐயர் மந்திரம் சொல்ல, கீர்த்திகன் தன் இரண்டு கையாலும் முட்டியை ஏந்திக்கொண்டு கடலுக்குள் இறங்கினான். அப்பா அவனுடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டார். சாம்பல் கரைந்தது. ஆரணி கரையில் நின்று, அம்மா என்று எழுதிய தன் தேசிக்காயை எறிந்தாள். அலை அதை ஒருமுறை திருப்பிக் கொண்டுவந்து காட்டியது. பிறகு எடுத்துக்கொண்டு போய்விட்டது.

வானடியில் குகதாசன் துவாயோடு நின்றார். மதிலடியில் நடந்த கதை முழுவதும் அவருடைய காதில் விழுந்திருந்தது.

"நீ எப்ப பிள்ளை தேசிக்காய் போட்டனீ?" என்று மெல்லக் கேட்டார். "என்ன சொல்லிப் போட்டனீ?"

ஆரணி காலால் மணலைக் கிளறினாள். "அப்பா பின்னுறது கோணல், வந்து ஒருக்காப் பின்னிவிட்டிட்டுப் போங்கோ அம்மா எண்டு சொன்னனான்."

"நேராய் இருக்கெண்டு ஒவ்வொரு நாளும் சொன்னனியே!"

"நீங்கள் கவலைப்படுவியள் எண்டுதான்."

குகதாசன் வான் கதவைத் திறந்தார். மகளை வானின் படியில் இருத்தி, துவாயால் தலையைத் துவட்டி, இரண்டு பின்னலையும் அவிழ்த்தார். திரும்பவும் பின்னத் தொடங்கினார். கீர்த்திகன் தேசிக்காயை மணந்துகொண்டே பக்கத்தில் வந்து நின்றான்.

"இடப்பக்கம் மேலை நிக்குது மாமா."

குகதாசன் அவிழ்த்துப் பின்னினார்.

"இப்ப வலப்பக்கம்."

மூன்றாம் தடவையும் பின்னி முடித்துவிட்டு, "இப்ப எப்பிடி?" என்று அவர் பயந்து பயந்து கேட்டார்.

ஆரணி வான் கண்ணாடியில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"கோணல்தான் அப்பா," என்றாள். "ஆனால் ரெண்டும் ஒரே மாதிரிக் கோணல்."

அடுத்த கிழமையும் மழை பெய்தது. வானில் வேறு ஆட்கள் ஏறினார்கள். ஆரணி இருக்கையில் முழங்காலிட்டுப் பின்பக்கம் திரும்பி, "நிலாவரையிலை போட்ட தேசிக்காய் கீரிமலையிலை மிதக்குமெண்டு சொல்லுகினம்," என்றாள். "நான் போட்டனான். என்ரை வரேல்லை." அந்தக் கதையைக் கேட்டு அவர்கள் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தார்கள் தெரியுமா? சந்நிதி வரும்வரைக்கும்.

சரி, என் செல்வங்களே, எழும்புங்கள். மழையும் விடப் பார்க்கிறது. உங்கள் வீட்டுக் கிணறு மாரியில் நிரம்பி, கோடையிலும் இனித்துக் கிடக்கட்டும். உங்கள் தலையைப் பின்னுகிற கைகளுக்கு ஒரு நோவும் வராதிருக்கட்டும். ஒருவர் கூப்பிட்டால் மற்றவர் "ஓம், வாறன்" என்று குரல் கொடுக்கிற வீடாக உங்கள் வீடு என்றென்றைக்கும் இருக்கட்டும்.